அசல் எங்கள் வசம் உள்ளது

சேர்க்கைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் கண்காணிப்பாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறார், அனுபவிக்கட்டும்.

விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, பட்டியல் போடுவது, பதிவேடு எழுதுவது எதையும் நான் சொல்லப் போவதில்லை. அவை மூன்று மாதத்தில் தானாகக் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். அத்தனை வருஷத்தில் என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு வாரம்தான். என் வேலையின் இரண்டாம் வருஷத்தில் நடந்தது. நடந்தது என்று சொல்வதுகூடப் பூசி மெழுகுவதுதான். நான் செய்தது.

அது 1952. நம் தாலுகாக்கள் அப்போது திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தன. நாகர்கோவிலில் நம் கல்லூரி தொடங்கி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. வகுப்பறைகளில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நாஞ்சில் நாட்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும், அங்கே அந்தப் பெரிய கல்லூரியில் சேர வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில், பையன் எங்கே படிக்கிறான் என்று கேட்டால், திருவனந்தபுரம் என்று சொல்கிற தகப்பன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். நாகர்கோவில் என்று சொல்கிறவன், "வீட்டுக்குப் பக்கமாச்சே" என்று ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்வான். அந்தக் காரணம்தான் எங்கள் முதல்வரைக் குத்தியது.

முதல்வர் அந்தப் பெரிய கல்லூரியிலேயே படித்தவர். அதன் படிக்கட்டு, நூலகம், மரம் எல்லாவற்றையும் நெஞ்சில் சுமந்துகொண்டு இங்கே வந்தவர். நம் கல்லூரியையும் அப்படி ஒன்றாக ஆக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கம். முதல் வகுப்பு வாங்கிய பிள்ளைகள் இங்கே சேர்ந்தால்தான் இங்கிருந்து முதல் வகுப்பு வரும், வந்தால்தான் பெயர் வரும், பெயர் வந்தால்தான் அடுத்த வருஷம் நல்ல பிள்ளைகள் வருவார்கள். இந்தச் சக்கரத்தை முதல்தடவை சுற்றிவிட அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு முன்சேர்க்கை என்று பெயர் வைத்தார்.

வழி இதுதான். பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்களுக்கு மதிப்பெண் எழுதிய சான்றிதழ் ஒன்று தருவார்கள். சின்ன நோட்டுப் போலத் தைத்திருக்கும். நாங்கள் அதைப் புத்தகம் என்றே சொல்வோம். ஒருவருக்கு ஒரே புத்தகம்தான். அது இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் பெயர் எழுத மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் யாருக்கு இடம் என்று தெரிய ஒரு மாதம் ஆகும். நாங்கள் ஒரே வாரத்தில் இடம் கொடுத்துவிடுவோம். ஆனால் இடம் வேண்டுமானால் அசல் புத்தகத்தை எங்களிடம் ஒப்படைத்து, வேறெங்கும் சேர மாட்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். திருவனந்தபுரத்தை நம்பிக் காத்திருக்கிறவர்களுக்கு அங்கே கிடைக்காமல் போனால் இங்கேயும் இடம் தீர்ந்திருக்கும். ஒரு வருஷம் சும்மா வீட்டில்தான்.

இது தந்திரமா என்று கேட்டால், தந்திரம்தான். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயின. கையில் இருக்கிற இடத்தை விட்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற இடத்துக்காக ஒரு மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்க எல்லோராலும் முடியாது.

புத்தகங்களை வாங்கி, எண் போட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவது என் வேலை. சாவி என் இடுப்பில் இருக்கும். எங்கள் பெரிய கிளார்க், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அதிகம் பேசுகிறவர் அல்ல. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "புத்தகம் வாங்கும்போ முகத்தைப் பாக்காதேயும், கையைப் பாரும்" என்றார். "லேசா நீட்டினா வாங்கிக்கிடும். இறுக்கிப் பிடிச்சிருந்தா, போய் ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்கன்னு சொல்லும்." ஏன் என்று நான் கேட்கவில்லை. வயது இருபது. விதிமுறைகள் அச்சடித்த தாளில் அப்படி ஒன்று இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த தாணுலிங்கம் அண்ணாச்சி, மகள் பொன்னம்மையோடு வந்தது ஒரு திங்கட்கிழமை. அண்ணாச்சி துவைத்து மடித்த வேட்டியில் கல்யாணத்துக்கு வந்தவர்போல வந்திருந்தார். பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். ஒல்லி. புத்தகத்தை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மதிப்பெண்ணை நான் பார்த்தேன். அந்த வருஷம் எங்கள் கவுண்டருக்கு வந்ததிலேயே உயர்ந்த மதிப்பெண்.

"இவளுக்கு டாக்டருக்குப் படிக்கணுமாம் சார்" என்றார் அண்ணாச்சி. குறை சொல்வதுபோல ஆரம்பித்தார், ஆனால் பெருமை மறையவில்லை. "கடையில சுக்கோ திப்பிலியோ வாங்க ஆள் வந்தாப் போரும். ஆருக்கு, என்ன செய்யுது, எத்தன நாளா இருக்குன்னு கேட்டுக்கிட்டு நிப்பா. யாவாரம் நடக்காண்டாமா?"

பொன்னம்மை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இங்க ரெண்டாம் குரூப் உண்டா சார்?" என்று கேட்டாள். உயிரியல் பாடம் உள்ள வகுப்பை அப்படிச் சொல்வார்கள். அதைப் படித்தால்தான் பிறகு மருத்துவம் படிக்க முடியும்.

எங்களிடம் அது இல்லை. கேட்டு எழுதியிருந்தோம், அனுமதி வரவில்லை. அந்த வாரம் முதல்வர் அதற்காகவே திருவனந்தபுரம் போவதாக இருந்தார்.

"இந்த வருஷம் வந்துரும்" என்றேன்.

"வரல்லேன்னா?"

"வந்துரும் பிள்ளே. முதல்வரே நேரில போறாரு."

"திருவனந்தபுரத்துக்கும் எழுதிப் போட்டிருக்கோம்" என்றார் அண்ணாச்சி. "அது வாறது வரைக்கும் பொறுக்கலாமா சார்?"

"பொறுக்கலாம் அண்ணாச்சி. அதுக்குள்ள இங்க இடம் தீந்துபோவும்."

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வருஷம் வீட்டில இருந்தாள்னா எனக்க அண்ணன்மாரு மாப்பிள்ள பாக்கத் தொடங்கிருவாவ" என்றார். என்னிடம் சொன்னாரா மகளிடம் சொன்னாரா தெரியவில்லை. "குடுத்திரு மக்கா."

அவள் நீட்டினாள். நான் பிடித்தேன். அவள் விடவில்லை. பெரிய கிளார்க் சொன்னது அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் அந்த மதிப்பெண்ணை நான் பார்த்துவிட்டேனே. முதல்வர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் இழுத்தேன், புத்தகம் என் கைக்கு வந்தது.

அந்தப் புதன்கிழமை முதல்வர் திருவனந்தபுரம் போனார். பெரிய கிளார்க் மகளுடைய கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். வியாழக்கிழமை காலை, அலுவலகத்தில் நானும் டைப்ரைட்டரும்தான். அப்போது தாணுலிங்கம் அண்ணாச்சியும் பொன்னம்மையும் வந்தார்கள். அவள் கையில் ஒரு அஞ்சலட்டை. ஒரு மாதம் ஆகும் என்று நினைத்தது, அந்த வருஷம் முன்னதாகவே வந்திருந்தது.

"கார்டு வந்திருக்கு சார்" என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்ததை நான் எப்படி எழுதுவேன்? முதல்தடவையாக அவள் சிரித்துப் பார்த்தேன். அந்தப் பெரிய கல்லூரியிலிருந்து, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும், அசல் புத்தகத்தோடு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஊதா மையில் முத்திரை. அந்த முத்திரையை எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"புத்தகத்தை ஒரு நாளைக்குத் தந்தாப் போரும்" என்றார் அண்ணாச்சி. "இடம் கெடைக்கல்லேன்னா திங்கக்கிழமை நானே கொண்டுவந்து தந்திருவேன். கொட்டாரத்துல என்னை ஆருட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"முதல்வர் உத்தரவு இல்லாம தரப்பிடாது அண்ணாச்சி. அவரு நாளைக்கு வந்துருவாரு. நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் வரல்லேன்னா சார்?" என்று பொன்னம்மை கேட்டாள்.

"வந்துருவாரு."

அவளுடைய கேள்விகளைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில்தான் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கும்போதே வராந்தா பெஞ்சில் இருந்தார்கள். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். முதல்வர் வரவில்லை. பத்து மணி பஸ்ஸில் வருவார் என்றேன். பிறகு பன்னிரண்டு மணி பஸ் என்றேன். மதியம் அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டு வந்தார், பெண் போகவில்லை. ஜன்னல் வழியாக அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து என் மேசை நேராகத் தெரியும். நான் எழுந்து நடக்கும்போதெல்லாம் இடுப்பில் சாவிக்கொத்து சத்தம் போட்டது. அன்றைக்கு என்னவோ அது ரொம்பச் சத்தமாக இருந்தது. வேட்டி மடிப்புக்குள் தள்ளி விட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி உள்ளே வந்தார். அன்று மாலை பஸ்ஸில் போனால்தான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவர் சரக்கெடுக்கிற வியாபாரி வீட்டில் தங்கி, காலையில் நேரத்துக்குப் போக முடியும். "தம்பி" என்றார். அதுவரை சார் என்றவர். "தம்பி, வேற வழி ஒண்ணும் இல்லியா?"

வழி இருந்தது. நாலு எட்டு நடந்து, பூட்டைத் திறந்து, ஐம்பத்து மூன்றாம் எண் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். முதல்வர் கோபித்தால் கோபித்திருப்பார். வேலையே போயிருந்தாலும் இருபத்தொரு வயதுக்காரனுக்கு அது பெரிய அடி இல்லை. நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மதிப்பெண்களை வரிசையாக அடித்து, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். மேற்படி மாணவியின் சான்றிதழ் அசல் எங்கள் வசம் உள்ளது. அதன் மேல் கல்லூரி முத்திரையை அழுத்திக் குத்தினேன்.

"இது போரும் அண்ணாச்சி. சீல் வச்ச லெட்டராக்கும்."

போதாது என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரிக் கடிதத்தோடு வேறு ஊரிலிருந்து வந்த மூன்று பேரை, அந்த வருஷமே, இதே கவுண்டரிலிருந்து நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணாச்சி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே போனவர், ஐந்து நிமிஷத்தில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு திரும்பி வந்து என் மேசையில் வைத்தார். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். பொன்னம்மை அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை முதல்வர் வந்தார். இரண்டாம் குரூப்புக்கு அனுமதி இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று வந்ததும் சொன்னார். நான் கொட்டாரத்துப் பெண்ணின் விஷயத்தைச் சொன்னேன். பாராட்டுவார் என்று ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"புத்தகத்தைக் குடுத்து அனுப்பியிருக்கலாமே" என்றார்.

"நீங்க இல்லையே சார்."

"சாவி இருந்துதுல்லா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு பிள்ளை அங்க போனா நம்ம கட்டடம் இடிஞ்சா விழும்? அந்த விதிய எழுதினது நானில்லியா? எனக்க எழுத்த மீறக்கூடிய இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அன்று மதியம் அப்பாவும் மகளும் வந்தார்கள். அண்ணாச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நடந்ததை ஒப்பித்தார். அங்கே கவுண்டரில் இருந்தவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம். அசல் இல்லாமல் பெயர் எழுத முடியாது என்றாராம். மற்ற பிள்ளைகளெல்லாம் உள்ளே போய் வெளியே வரும்வரை இவர்கள் படிக்கட்டில் நின்றார்களாம்.

"அந்த சாரும் நாளைக்கு வாங்கன்னுதான் சொன்னாரு" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மூணு மட்டம் சொல்லிப்போட்டேன், அவரு காதுல விழல்ல."

பொன்னம்மை கவுண்டரில் கையை வைத்தாள். "ஒண்ணாம் குரூப்புல எழுதிக்கிடுங்க சார்" என்றாள். கணக்கு. நான் எழுதினேன்.

பெரிய கிளார்க் அடுத்த வாரம் லீவு முடிந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எப்பிடிப் பிடிச்சிருந்தா?"

"ரெண்டு கையாலயும்."

அவர் தன் நாற்காலிக்குப் போனார்.

இதுவரை விதிமுறையைச் சொன்னேன். அதற்குப் பின்னால் இருந்ததையும் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம். என் மனைவிக்குக்கூட இதை ரொம்பக் காலம் கழித்துத்தான் சொன்னேன்.

1947-இல் நானும் பள்ளி இறுதித் தேர்வில் முதல் வகுப்பு. எனக்கும் அதே பெரிய கல்லூரியிலிருந்து அதே மாதிரி அஞ்சலட்டை வந்தது. ஓரத்தில் அதே ஊதா முத்திரை. எங்கள் வீட்டில் அதுவரை வயலைத் தவிர வேறு வேலைக்குப் போனவர்கள் கிடையாது. என் அப்பா அன்று நடவை நிறுத்திவிட்டு, கால் கழுவி, பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். நான் போனேன். அந்தக் கல்லூரியின் வாசல் வரை போனேன். உள்ளே அகலமான படிக்கட்டு. அதில் என் வயதுப் பையன்கள் கூட்டமாக நின்று மலையாளமும் ஆங்கிலமும் கலந்து சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அவன் அதைப் பார்த்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அப்படியே திரும்பி நடந்தேன். எதிரே இருந்த மரத்தடியில் மதியம்வரை நின்றேன். உள்ளே மணி அடித்ததைக் கேட்டேன். இடமெல்லாம் தீர்ந்துபோய்விட்டது என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அப்பா நம்பினார். டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார். அந்த அட்டை என் அலுவலக மேசை இழுப்பறையில், மைத்தாள்களுக்கு அடியில் இருந்தது. பொன்னம்மை தன் அட்டையை நீட்டியபோது, என் முழங்காலுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் என் அட்டை கிடந்தது.

அந்தப் பெண்ணுக்கு அந்த வாசலைக் கண்டு பயம் இருந்திருக்காது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. கேள்வி கேட்கிறவள், உள்ளே போயிருப்பாள். அவள் போய்விடக் கூடாது என்று நான் நினைத்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். அவள் போவதற்கு என் கை உதவ மறுத்தது, அவ்வளவுதான். ஆனால் வாய் மட்டும் விதிமுறையைச் சொன்னது. விதிமுறைக்கு அது ஒரு வசதி. யாருடைய வயிற்றெரிச்சலுக்கும் அது குரல் கொடுக்கும்.

நீங்கள் உட்காரப்போகிற நாற்காலி அப்படிப்பட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வாசலை நினைத்து ஏங்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பக்கம் இருப்பவனுக்கும் ஒன்று இருக்கும். உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'முடியாது' என்று சொல்ல வேண்டிய நாள் நிறைய வரும், சொல்லுங்கள், தப்பில்லை. முடியாது என்று கேட்டவன் வேறு வழி பார்ப்பான். 'நாளைக்கு வாங்க' என்று கேட்டவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

பொன்னம்மை எங்களிடம் நான்கு வருஷம் படித்தாள். இரண்டு வருஷம் இன்டர்மீடியட், இரண்டு வருஷம் பி.ஏ. கணக்கு. வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். நான் தலையாட்டிவிட்டுக் கோப்பில் முகத்தைப் புதைப்பேன். அந்த வருஷங்களில் அலுவலக வேலையாக நான் பலதடவை திருவனந்தபுரம் போனேன். வேலை முடிந்ததும் கால் என்னை அந்தக் கல்லூரி வாசலுக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். முன்பெல்லாம் அந்தப் படிக்கட்டில் என்னை நிறுத்திப் பார்ப்பேன். 52-க்குப் பிறகு அங்கே நான் இல்லை. ஒல்லியாக ஒரு பெண், புத்தகங்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவாள். அப்படியே நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடப்பேன். எனக்காக ஏங்கியதைவிட அது கனமாக இருந்தது.

1956-இல் அவள் பி.ஏ.யில் முதல் வகுப்பு வாங்கினாள். கல்லூரிக்கு அந்தப் பாடத்தில் அதுதான் முதல்தடவை கிடைத்த முதல் வகுப்பு. முதல்வர் ஆசைப்பட்ட பெயர் அவளால் வந்தது. அடுத்த வருஷ விவரக் கையேட்டில் அவள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டோம். 'திறமையான மாணவர்கள் நம்மையே நாடி வருகிறார்கள்' என்று மேலே ஒரு வரி வேண்டும் என்றார் முதல்வர். அதை டைப் அடித்தது நான்தான்.

நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். பொன்னம்மை புத்தகத்தைத் திரும்ப வாங்க வந்தாள். படிப்பு முடிந்தால் கொடுத்துவிடுவோம். கொட்டாரத்துக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. அண்ணாச்சி வெளியே பெஞ்சில், அதே பெஞ்சில், உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

அலமாரியைத் திறந்தேன். அந்தத் தூசியில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அந்த நாட்களில் இருமல் என்னை விடுவதே இல்லை. புத்தகத்தை எடுத்து, துடைத்து, அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பைக்குள் வைத்தாள்.

"பொன்னம்மே" என்றேன். நான்கு வருஷமாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம், வெளியே வந்தபோது ரொம்பச் சின்னதாக இருந்தது. "அண்ணைக்கு நான் குடுத்திருக்கலாம்."

"தெரியும் சார்" என்றாள். "சாவி உங்க இடுப்புல கெடந்துது. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

குரலில் குத்தல் இல்லை. எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன், மறுபடியும் இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அது அடங்கும்வரை அவள் போகாமல் நின்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த இருமல் எத்தன நாளா இருக்கு சார்?"

"மூணு வாரம் இருக்கும்."

"சளி உண்டா, வறட்டு இருமலா?"

"சளி உண்டு."

"சாயங்காலம் ஆனா மேலு காயுதா?"

"ஆமா."

"ராத்திரி வேர்க்குதா?"

அதையும் ஆமாம் என்றேன். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானே அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து அண்ணாச்சி, "மக்கா, பஸ்ஸு வந்துரும்" என்று குரல் கொடுத்தார். "இருங்கப்பா, ஒரு நிமிஷம்" என்றாள், திரும்பாமலே. என் கழுத்தையும் மணிக்கட்டையும் பார்த்தாள்.

"மெலிஞ்சுட்டீங்க" என்றாள். "சட்டை முன்ன இப்பிடித் தொங்காது. நாளைக்குன்னு வைக்காதீங்க சார். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பெஞ்சிலிருந்து அண்ணாச்சி எழுந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். இருவரும் கேட்டைத் தாண்டுவது வரை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலமே போனேன். காசநோய், மூன்று வாரம் போய்விட்டது, இன்னும் மூன்று வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிட்டுத்தான் தேறினேன். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதை இல்லை.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். எத்தனை நாளாக இருக்கிறது என்றார். சளி உண்டா என்றார். சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, ராத்திரி வேர்க்கிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அவர் கேட்ட கேள்விகளில் பொன்னம்மை கேட்காமல் விட்டது ஒன்றுகூட இல்லை.